சிங்கிள் மால்ட்டுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் என்றால் என்ன?

சிங்கிள் மால்ட் விஸ்கியைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் பாதி விலையைப் பற்றியது. மீதி வயதைப் பற்றியது. “இது பதினெட்டு வருஷம்டா”, “நூத்துக்குத் தொண்ணூத்தேழு குடுத்திருக்கான்”, “இதுல போய் தண்ணி ஊத்துவாங்களா?” என்று மூன்று வாக்கியம் சொல்லத் தெரிந்தால் போதும், அந்த மேசைக்கு அவர்தான் நிபுணர். தொண்ணூற்றேழு கொடுத்தது யார், எதைப் பார்த்துக் கொடுத்தார், பிடித்துக்கொண்ட மூன்று எதற்காக என்று கேட்டால் பேச்சு சைட் டிஷ் பக்கம் திரும்பிவிடும்.

விமர்சகர்களின் வர்ணனையைப் படித்துவிட்டு “வாழைப்பழமாம், கிராம்பாம், கடலோரப் புகையாம், எல்லாம் பீலா” என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரு தரப்பும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ஒரு மிடறு வாய்க்குள் போனால் என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே மதிப்பெண்ணைக் கொண்டாடவோ கேலி செய்யவோ தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே மதிப்பெண்ணுக்கு இங்கே கடைசியில்தான் வருவோம். குடிக்காதவரும் படிக்கலாம், பெரும்பகுதி மூக்கைப் பற்றியது.

எது சிங்கிள், எது மால்ட்?

பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை நீண்டு மாவுச்சத்தைத் தின்றுவிடும் முன் சூட்டில் உலர்த்தி நிறுத்தினால் கிடைப்பது மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பு நீர் இறங்கும். அதில் ஈஸ்ட் சேர்த்து இரண்டு மூன்று நாள், சில இடங்களில் இன்னும் கூடுதலாக, புளிக்கவிடுவார்கள். ஆல்கஹால் 7 முதல் 9 சதவீதம் வரை ஏறும்.

இதைச் செம்பு வாலையில், அதாவது காய்ச்சி ஆவியாக்கிக் குளிர்விக்கும் பாத்திரத்தில், ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இரண்டு முறை வடிக்கிறார்கள். இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதும் கடைசியில் வருவதும் ஒதுக்கப்படும்; நடுவில் வருவதே விஸ்கிக்கு உரியது. தண்ணீர் போல நிறமற்ற அந்தச் சாராயத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, வழக்கமாக 63.5 சதவீதத்துக்கு இறக்கி, ஓக் மரப் பீப்பாயில் அடைக்கிறார்கள்.

ஸ்காட்ச் என்று பெயர் வைக்க 2009-ஆம் ஆண்டின் விதிமுறைகள் கறாராக இருக்கின்றன. 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சேர்க்க அனுமதி உள்ளவை இரண்டே: தண்ணீர், நிறத்துக்காகக் கேரமல்.

இதில் ‘சிங்கிள்’ என்பது ஒரே பீப்பாயைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது குறிப்பது ஒரே வடிசாலையை, அதாவது விஸ்கி வடிக்கும் ஒரே ஆலையை. அந்த ஆலையின் நூற்றுக்கணக்கான பீப்பாய்களைக் கலந்தும் ஒரு சிங்கிள் மால்ட் உருவாகலாம், உருவாகிறது. ஒரே பீப்பாயிலிருந்து வந்தால் ‘சிங்கிள் காஸ்க்’ என்று தனியாகப் போடுவார்கள். லேபிளில் 12 என்று இருந்தால், கலந்தவற்றில் மிக இளையதற்கு 12 வயது என்று பொருள். பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது. மாமா 1998-இல் துபாயிலிருந்து வாங்கி வந்து பீரோவில் பூட்டி வைத்த பன்னிரண்டு வருஷ விஸ்கி இன்றைக்கும் பன்னிரண்டு வருஷ விஸ்கிதான்.

மற்ற தானியங்களில் வடித்த விஸ்கியோடு மால்ட்டைக் கலந்தால் அது பிளெண்டட். மட்டம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தானியத்தில் வடித்ததை மட்டுமே விஸ்கி என்று ஏற்கிறது. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் பலவற்றுக்கு அடிப்படை கரும்பு மொலாசஸ். டாஸ்மாக்கில் வாங்கிய குவார்ட்டரும் சிங்கிள் மால்ட்டும் ஒரே குடும்பம் என்று நினைத்து ஒப்பிடும்போது குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஆக: முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிசாலை, செம்பு வாலை, ஓக் பீப்பாயில் சில ஆண்டு. இவ்வளவுதான் சிங்கிள் மால்ட்.

ருசியின் வீடு மூக்கு

ஜலதோஷம் பிடித்த நாளில் ரசம் எப்படி இருக்கும்? உப்பு தெரியும், புளிப்பு தெரியும், சூடு தெரியும். ரசம் மட்டும் தெரியாது. சீரகமும் பெருங்காயமும் கொத்தமல்லியும் எங்கோ போய்விட்டிருக்கும். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அடைத்திருப்பது மூக்கு.

நாக்குக்குத் தெரிந்தவை ஐந்தே: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சியிலும் காளானிலும் வரும் உமாமி. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்குக்கு வாசல் இரண்டு. முன்வாசல் நமக்குத் தெரியும். வாயில் இருப்பதன் ஆவி தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கின் உள்ளே போகும் பாதைதான் பின்வாசல். இந்தப் பின்வழியாக வரும் மணத்தை மூளை நாக்கின் கணக்கில் எழுதிவிடுகிறது. நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பின்வழி மணம்தான். விஸ்கியில் இது இன்னும் தீவிரம், ஏனென்றால் நாக்குக்கென்று அதில் அதிகமில்லை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, மரத்திலிருந்து வந்த துவர்ப்பு. மீதி அத்தனையும் மணம்.

அப்படியானால் அந்த எரிச்சல்? அது ருசியும் இல்லை, மணமும் இல்லை, வலி. நம் வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. டிஆர்பிவி1 என்று பெயர். சுமார் 42 டிகிரி சூடு பட்டால் அது விழித்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் இதே புரதத்தைத்தான் தட்டி எழுப்புகிறது. ஆல்கஹால் செய்வது வேறு தந்திரம்: அந்த 42 டிகிரி வரம்பைச் சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. நம் உடம்பின் சூடே 37. உங்கள் வாயின் சொந்தச் சூட்டையே நெருப்பாக உணர வைப்பதுதான் அந்த எரிச்சல்.

மிளகிலுள்ள பைப்பரினும் இந்தப் புரதத்தையே தூண்டுகிறது. பெப்பர் சிக்கனைக் கடித்துக்கொண்டு விஸ்கியின் நுணுக்கத்தைத் தேடுவது ஏன் வீண் என்பது இதில் விளங்கும். சைட் டிஷ்ஷின் மேல் எனக்கு வன்மம் இல்லை. ருசி பார்க்கும் அரை மணி நேரம் அது காத்திருக்கட்டும்.

வாழைப்பழம் உள்ளே வந்த வழி

விஸ்கியில் யாரும் வாழைப்பழம் போடுவதில்லை. ஆனாலும் வாழைப்பழம் அங்கே இருக்கலாம். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும்போது கூடவே எஸ்டர்கள் என்ற பழ மணச் சேர்மங்களையும் உண்டாக்குகிறது. அவற்றில் ஐசோஅமைல் அசிடேட் என்பது கனிந்த வாழைப்பழத்தில் இருக்கும் அதே சேர்மம். விமர்சகர் ‘பழுத்த வாழை’ என்று எழுதும்போது பல சமயம் அவர் கவிதை எழுதவில்லை; ஒரு மூலக்கூறை அடையாளம் காட்டுகிறார். நொதித்தல் நீள நீளப் பழ மணம் கூடும் என்பது வடிசாலைக்காரர்களின் பொதுவான அனுபவம்.

புகை வருவது மால்ட்டை உலர்த்தும் அடுப்பிலிருந்து. ஸ்காட்லாந்தின் சதுப்பு நிலங்களில் பாசியும் புதர்ச்செடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிப் படிந்து உருவான மண்தான் பீட். வெட்டிக் காயவைத்தால் விறகு போல எரியும். பீட் புகையில் உலர்த்திய மால்ட்டில் ஃபீனால்கள் என்ற புகை மணச் சேர்மங்கள் ஒட்டிக்கொள்கின்றன. அதில் குவாயகால் புகை வாசம் தரும். கிரெசால்கள் டிஞ்சர், பேண்டேஜ், ஆஸ்பத்திரி வராண்டா. மேற்குக் கடலில் இருக்கும் ஐலா தீவின் லாஃப்ராய்க், ஆர்ட்பெக், லாகவுலின் மூன்றும் இதற்குப் பேர்போனவை. முதல் முறை முகர்பவர்கள் முகம் சுளிப்பதும், சிலர் பிறகு அதை விடவே முடியாமல் போவதும் உலகெங்கும் நடப்பது.

இந்தப் புகையைப் பிபிஎம் என்ற எண்ணால் சொல்வார்கள்: பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்ற கணக்கு. ஆர்ட்பெக்குக்கு 55 சுற்றி. ஐலாவிலேயே புரூக்லாடி வடிசாலை ‘ஆக்டமோர்’ என்ற பெயரில் 300-ஐத் தாண்டிய மால்ட்டில்கூட விஸ்கி வடித்திருக்கிறது. ஆனால் இந்த எண் உலர்த்திய பார்லியில் அளந்தது, கிளாஸில் இருப்பதில் அளந்தது அல்ல. வடிக்கும்போதும் பீப்பாயிலும் பெரும்பகுதி குறைந்துவிடும். பிபிஎம் அதிகம் என்பதை வைத்து ‘இது பெரிய சரக்கு’ என்று தீர்ப்புச் சொல்வதில் பொருளில்லை.

மூன்றாவது ஊற்று மரம். நிறமற்ற சாராயத்துக்கு நிறமும், ருசியில் பெரும்பங்கும் கொடுப்பது பீப்பாய்தான். அமெரிக்காவில் போர்பன் விஸ்கிக்கு உள்ளே கரித்த புதிய ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்று சட்டம். ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி போர்பனுக்கு வைக்க முடியாது என்பதால் அவை கப்பலேறி ஸ்காட்லாந்து வருகின்றன. கரித்த ஓக்கிலிருந்து வெனிலா மணம் தரும் வெனிலின் இறங்குகிறது. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலும் ஓக்கில் உண்டு. ‘விஸ்கி லாக்டோன்’ என்றே பெயர் பெற்ற ஒரு சேர்மத்தின் வாசம் தேங்காய். அமெரிக்க ஓக்கில் அது கூடுதல். ஸ்பெயினின் ஷெரி என்ற ஒயின் ஊறிய பீப்பாயாக இருந்தால் உலர்திராட்சை, பேரீச்சை, கொட்டைப் பருப்பு, கூடவே துவர்ப்பு.

பீப்பாய் மூச்சுவிடவும் செய்யும். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. ‘தேவதைகளின் பங்கு’ என்கிறார்கள். பெங்களூரில் அம்ருத் வடிசாலையின் தேவதைகளுக்குத் தாகம் அதிகம்: ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல். வெயிலில் சாராயம் மரத்துக்குள் போய்வரும் வேகமும் அதிகம் என்பதால், அங்கே நான்கைந்து ஆண்டில் நடப்பதற்குக் குளிர்நாட்டில் அதைவிடப் பல ஆண்டு பிடிக்கும். லேபிளிலுள்ள வயது எத்தனை நாள் பீப்பாயில் கிடந்தது என்று சொல்கிறது. எப்படிப்பட்ட பீப்பாய், எந்த வெயில் என்று சொல்வதில்லை. அதிக ஆண்டு கிடந்து மரச்சாறு போலக் கசக்கும் விஸ்கியும் உண்டு.

சுருக்கமாக: பழம் ஈஸ்ட்டிலிருந்து, புகை பீட்டிலிருந்து, இனிப்பு வாசனைகளும் துவர்ப்பும் மரத்திலிருந்து. வர்ணனைகளில் கொஞ்சம் அலங்காரம் இருக்கும்தான், ஆனால் அடியில் வேதியியல் இருக்கிறது.

கிளாஸைக் கையில் எடுத்தபின்

பதினைந்து மில்லி போதும். லார்ஜ் ஊற்ற வேண்டியதில்லை. விஸ்கி நிறுவனங்களில் கலவை செய்யும் நிபுணர்கள் ஒரே நாளில் ஏராளமான மாதிரிகளைப் பார்க்கிறவர்கள். பெரும்பாலும் முகர்ந்தே முடித்துவிடுகிறார்கள், விழுங்குவது அபூர்வம்.

கிளாஸ், கீழே அகன்று மேலே குறுகியதாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2001-இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது. இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். நேராக நிற்கும் அகன்ற டம்ளரில் மணம் கூடி நிற்காது. ஐஸ் வேண்டாம், குளிர்ச்சியில் மணப்பொருள்கள் எழும்பாது. சென்னை மே மாத அறைச்சூடும் வேண்டாம், அதில் ஆல்கஹால்தான் முதலில் எழும்பி மூக்கைக் குத்தும். ஸ்காட்லாந்துக்காரர் ‘அறை வெப்பம்’ என்று எழுதும்போது அவர் மனதில் இருப்பது இருபது டிகிரி சுற்றிய அறை. ஏசி ஓடும் அறையில் உட்காருங்கள்.

மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு ஆழமாக இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் காரியம். நெடி ஏறிக் கண் கலங்கி, அடுத்த சில நிமிடத்துக்கு மூக்கு மரத்துப்போகும். கிளாஸை மோவாய்க்குக் கீழே பிடித்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாயைக் கொஞ்சம் திறந்தே வைத்து, சின்னச் சின்னதாக முகருங்கள். விலக்குங்கள், மறுபடி. முதலில் நெடி, பிறகு பொதுவான இனிப்பு, அதற்கும் பிறகுதான் தனித்தனி மணங்கள் பிரியும். இது ஐந்து நிமிட வேலை. இதற்குள் குடித்து முடித்துவிடுபவர்களுக்கு விலையுயர்ந்த பாட்டில் தேவையே இல்லை.

பிறகு ஒரு துளி மிடறு. முதல் மிடறு வாய்க்கு அறிமுகம் மட்டுமே. எரிச்சலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இரண்டாவதை வைத்துத்தான் பேச வேண்டும். நாக்கு முழுக்கப் படர விட்டு, சில விநாடி வைத்திருந்து, விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பின்வாசல் திறக்கும் கணம் அதுதான். விழுங்கிய பின் எது மிஞ்சுகிறது, எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பதற்குப் பின்சுவை என்று பெயர். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியின் கிளென்லிவெட் 12-ஐ எடுத்துக்கொண்டால், அன்னாசி, வெனிலா, லேசான தேன் என்று வந்து சீக்கிரமே விடைபெறும். லாகவுலின் 16-இல் புகையும் டிஞ்சரும் உப்புக்காற்றும் உலர்பழமும் வெகுநேரம் போகாது. முதன்முதலில் ஒப்பிட்டுப் பழக இந்த இரண்டைவிடத் தெளிவான ஜோடி இருக்காது என்பது என் எண்ணம். வரிசை மட்டும் முக்கியம்: மென்மையானது முன்னே, புகை பின்னே. மாற்றினால் கிளென்லிவெட் வெறும் தண்ணீர்.

இனி அந்தப் பெரிய சண்டை. தண்ணீர் ஊற்றலாமா? தாராளமாக. ராவாக அடித்தால்தான் ஆம்பளை என்பது டாஸ்மாக் பார் தத்துவம். விஸ்கி வடிப்பவர்களின் வழக்கம் நேர்மாறு. கலவை நிபுணர்கள் மாதிரிகளைச் சுமார் 20 சதவீத ஆல்கஹாலுக்கு நீர்க்க வைத்துத்தான் முகர்கிறார்கள். பாட்டிலில் வருவதே ஏற்கெனவே நீர்க்கச் செய்ததுதான். பீப்பாயிலிருந்து தண்ணீர் சேர்க்காமல் அடைத்த ‘காஸ்க் ஸ்ட்ரெங்த்’ வகைகள் 55, 60 சதவீதம் என்று நிற்கும். அவற்றைத் தண்ணீரில்லாமல் ருசிக்க முயல்வது நாக்குக்குச் செய்யும் அநியாயம்.

தண்ணீர் எரிச்சலைக் குறைப்பது மட்டும் செய்யவில்லை. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு கணினி மாதிரியில், குவாயகால் மூலக்கூறு தண்ணீர்-ஆல்கஹால் கலவையில் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது அது திரவத்தின் மேற்பரப்புக்கு அருகில் ஒதுங்குகிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மேற்பரப்பில் நிற்பதுதானே மூக்குக்கு எட்டும்? இது ஒரு சேர்மத்தைப் பற்றிய கணினிக் கணக்கு மட்டுமே. எல்லா மணத்துக்கும் நீட்டிவிடக் கூடாது. சில விஸ்கிகள் தண்ணீர் பட்டதும் சோர்ந்துபோவதும் உண்டு. ஆகவே முதலில் தண்ணீரில்லாமல், பிறகு சில துளி, மறுபடி முகர்ந்து, தேவைப்பட்டால் இன்னும் சில துளி.

கண்ணும் காசும் செய்கிற வேலை

கருமையான நிறம் கண்டால் ‘ஆஹா, பழையது’ என்கிறோம். கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது என்பதை மேலே பார்த்தோம். நிறத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் மூளை நம்பிவிடுகிறது. பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் நிறமூட்டிச் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வில், மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் சொன்னதை மூக்கு வழிமொழிந்தது.

விலை இன்னும் மோசம். கலிஃபோர்னியாவில் 2008-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, குடிப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 டாலர் என்று கேட்டபோது ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னதோடு, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் கூடுதலாகச் செயல்பட்டது. விலையுயர்ந்தது உண்மையிலேயே ருசிக்கிறது, திரவத்தின் காரணமாக அல்ல என்றாலும். பரிசாக வந்த இருபதாயிரம் ரூபாய் பாட்டிலை ஒருவரும் குறை சொல்லாததற்கு மரியாதை மட்டும் காரணமில்லை.

இதற்கு ஒரே மருந்து, லேபிள் மறைத்து ருசிப்பது. வேறொருவர் ஊற்றி, கிளாஸுக்கு அடியில் எண் ஒட்டித் தர வேண்டும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து இதை ஒருமுறை செய்து பார்த்தால் பல நிபுணத்துவங்கள் அன்றே முடிவுக்கு வரும்.

இனி, மதிப்பெண்

பிரிட்டனின் விஸ்கி எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல) 1989-இல் வெளியிட்ட மால்ட் விஸ்கி வழிகாட்டியில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தார். லாகவுலின் 16-க்கு 95. அவர் கணக்கில் 75-ஐத் தாண்டினாலே நல்ல விஸ்கி. பின்னால் ஜிம் மரே தன் வருடாந்தரக் கையேட்டில் நூறை நான்காகப் பிரித்தார்: மணத்துக்கு 25, வாய்ச்சுவைக்கு 25, பின்சுவைக்கு 25, இவை மூன்றும் ஒத்துப்போகும் சமநிலைக்கு 25. பிரித்துப் போடுவதில் ஒரு நன்மை உண்டு; மணத்தில் மயக்கிவிட்டுத் தொண்டையில் ஏமாற்றும் விஸ்கி எங்கே இழந்தது என்று தெரியும்.

பெயருக்குத்தான் நூறு. புழக்கத்தில் பெரும்பாலான விமர்சகர்களின் அளவுகோல் எழுபதில் தொடங்கித் தொண்ணூற்றைந்தில் முடிந்துவிடுகிறது. ஒருவரின் 84 ‘தினசரிக்கு நல்லது’, இன்னொருவரின் 84 ‘வாங்காதே’. யாருடைய 84 என்று தெரியாமல் எண்ணைப் படிக்கவே முடியாது.

அடுத்தது, அந்த எண் எவ்வளவு உறுதி? கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில், நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை மூன்று முறை வைத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. அனுபவசாலி நடுவர்களே அதே ஒயினுக்கு நான்கு புள்ளி கூட்டியும் குறைத்தும் போட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் சீராக இருந்தார். ஒயின் நடுவர்களைவிட விஸ்கி நடுவர்களின் மூக்கு உறுதியானது என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. அப்படிப் பார்த்தால் 88-க்கும் 90-க்கும் இடையிலுள்ள வித்தியாசம், அன்று காலை நடுவர் என்ன சாப்பிட்டார் என்பதாகக்கூட இருக்கலாம். அரைப் புள்ளி போடுவதெல்லாம் துல்லியத்தின் வேஷம்.

வேஷமானாலும் சந்தையில் அதற்குச் செல்வாக்கு உண்டு. மரே 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜப்பானின் யமசாக்கி ஷெரி காஸ்க் 2013-க்கு 97.5 கொடுத்து உலகின் சிறந்த விஸ்கி என்றார். ‘ஜப்பான் ஸ்காட்லாந்தை வென்றது’ என்று செய்திகள் பறந்தன. அந்த மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட வரையறுக்கப்பட்ட வெளியீட்டுக்கு மட்டுமே உரியது. கடையில் கிடைத்த சாதாரண யமசாக்கியும் அதே பெருமையில் அலமாரியிலிருந்து மறைந்து போனது. நமக்கு நெருக்கமான உதாரணம் அம்ருத் ஃப்யூஷன். இந்திய பார்லியும் ஸ்காட்லாந்தின் பீட் புகையேறிய பார்லியும் சேர்ந்த இந்த விஸ்கிக்கு 2010 பதிப்பில் அவர் 97 கொடுத்து உலகில் மூன்றாவது என்றார். அதுவரை இந்திய மால்ட்டைச் சீந்தாதவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃப்யூஷன் நல்ல விஸ்கி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ‘உலகில் மூன்றாவது’ என்பதை ஓட்டப்பந்தய முடிவு போலப் படிக்கக் கூடாது. ஒரு மனிதர், அவருடைய மூக்கு, அந்த ஆண்டு அவர் ருசித்தவை என்ற எல்லைக்குள் அது உண்மை.

அப்படியானால் மதிப்பெண் வெறும் குப்பையா? வர்ணனையோடு வந்தால் இல்லை. “92” என்பது எனக்கு எதுவும் சொல்லவில்லை. “கனத்த புகை, டிஞ்சர், நீண்ட பின்சுவை, 92” என்றால், புகை பிடிக்காதவர் அந்த 92-ஐ விட்டு ஒதுங்கலாம். பிடித்தவர் ஓடிப்போய் வாங்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று விஸ்கிகளுக்கு ஒரு விமர்சகர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். எப்போதும் உங்களுக்கு நேரெதிராகச் சொல்பவர்கூடப் பயன்படுவார், அவர் திட்டுவதை வாங்கலாம். முன்னுக்குப்பின் மாறிப் பேசுபவர்தான் எதற்கும் உதவ மாட்டார்.

சொந்த நோட்டுக்குச் சில யோசனைகள்

முதலில் வர்ணனை, பிறகு பிடித்ததா இல்லையா, கடைசியில் எண். இந்த வரிசை மாறினால், போட்ட எண்ணுக்கு ஏற்ப வர்ணனையை நாமே வளைத்துவிடுவோம். லாஃப்ராய்க்கைப் பற்றி ‘மருந்து வாசம், உப்பு, சாம்பல்’ என்று நேர்மையாக எழுதிவிட்டு ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சேர்ப்பவர் நல்ல ருசியாளர்.

வர்ணிக்க வெள்ளைக்காரரின் அலமாரியைக் கடன் வாங்க வேண்டாம். ஹெதர் பூவையோ கிறிஸ்துமஸ் புட்டிங்கையோ முகர்ந்திராதவர் அதை நோட்டில் எழுதி என்ன பயன்? நம் மூக்குக்கு வேறு சொத்து இருக்கிறது. கருப்பட்டி, பலாச்சுளை, ஏலக்காய், சுக்கு, தேங்காய் பர்பி, காய்ந்த திராட்சை, பழைய மரப்பெட்டி, அணைந்த விறகடுப்பு, சாம்பிராணி. கிளாஸை முகர்ந்துவிட்டு ஒரு கிராம்பையும் ஒரு துண்டு வாழைப்பழத்தையும் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். ஒரு மணத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டால் அடுத்த முறை மூக்கே அதைத் தேடிப் பிடிக்கும். மணத்தை உணர்வதைவிட அதை நினைவிலிருந்து எடுத்துப் பெயர் சொல்வதுதான் கடினம். பயிற்சி வேண்டியதும் அதற்குத்தான்.

எண்ணுக்கு நூறு தேவையில்லை. மறுபடி வாங்க மாட்டேன், யாராவது கொடுத்தால் குடிப்பேன், வாங்குவேன், காசு சேர்த்தாவது வாங்குவேன் என்று நான்கு படி போதும். நடுவர்களே நான்கு புள்ளி தடுமாறும்போது நமக்கு நூறு படி எதற்கு? எப்போதும் கிடைக்கும் ஒரு விஸ்கியை நடுவில் நிறுத்தி, ‘அதைவிட மேலா கீழா’ என்று மற்றதை ஒப்பிட்டால் படிகள் நகராமல் இருக்கும்.

எந்த விஸ்கியையும் ஒரே நாளில் முடிவு கட்டவும் வேண்டாம். திறந்த பாட்டிலில் காற்று புகப்புக மணம் மாறும். சில கரடுமுரடானவை இரண்டு வாரத்தில் பதமாகும். சில புகை மால்ட்டுகள் மாதக்கணக்கில் திறந்து கிடந்தால் புகையை இழக்கும். திறந்த அன்று ஒரு குறிப்பும் பாதி தீர்ந்தபின் ஒரு குறிப்பும், இரண்டுக்கும் தேதியோடு எழுதுங்கள். கால் பாட்டிலுக்குக் கீழே போய்விட்டால் சுத்தமான சின்ன பாட்டிலுக்கு மாற்றி மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் அந்தக் கனத்த ஆல்கஹால் கார்க்கை அரித்து, அடுத்த முறை மூடி கையோடு உதிர்ந்து வரும்.